மூன்றாம் தளத்திலிருந்து ஐந்து தளம் கீழே

மதினி வெளியே வந்துவிடக் கூடாது. இப்போதைக்கு வந்துவிடவே கூடாது என்று ஆவுடைச்செல்வி பைக் நிறுத்தும் தகரக் கொட்டகைக்குள் நின்று வேண்டிக்கொண்டிருந்தாள், யாரை வேண்டுகிறோம் என்றுகூட நினைக்காமல். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் பரீட்சைக்குப் போனவர்கள் சீக்கிரம் முடித்துக்கொண்டு வரட்டும் என்று நினைப்பார்கள். இவளுக்கு மட்டும் புத்தி இப்படிப் போகிறது. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த கம்மலின் திருகாணி உள்ளங்கையில் குத்தியது. குத்தட்டும். உள்ளே உலோகம் எதுவும் கூடாது என்று வாசலில் நின்ற பெண் கறாராகச் சொல்லிவிட்டதால் மதினி கம்மலைக் கழற்றினாள், கொண்டை ஊசியை உருவினாள், மெட்டிதான் வரவில்லை. கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரைக் காலில் ஊற்றி இழு இழு என்று இழுத்து, விரல் சிவந்த பிறகு கழன்றது. "உங்க அண்ணன் போட்டு விட்ட அன்னைக்கு ஏறுனது. கவர்மெண்டுக்குத்தான் எறங்கியிருக்கு," என்று சிரித்தாள். தாலியை மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார்கள். வெறுங்காதோடு, "வாரேன்ட்டி ஆவுடை, நீ வெயில்ல நிக்காத," என்று சொல்லிவிட்டு மதினி உள்ளே போனபோது அவள் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. நாற்பதை நெருங்குகிற ஒருத்தி, காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில், ஹால்டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. இதை விட்டால் மதினிக்கு வேறு பரீட்சை கிடையாது.

பரீட்சையாவது மற்றப் பரீட்சை மாதிரி இருக்கிறதா என்றால் இல்லை. கேள்வித்தாள் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கேள்வியாகக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். முதலில் நடுத்தரமாக ஒன்று. சரியாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கஷ்டம், தப்பாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் லேசு. இப்படி ஏற்றி இறக்கிப் பார்த்து, இவருக்கு இவ்வளவுதான் வரும் என்று அதற்கு நிச்சயமானதும் போதும் போ என்று நிறுத்திவிடும். ரொம்பக் கெட்டிக்காரர்களும் சீக்கிரம் வெளியே வருவார்கள், ஒன்றும் வராதவர்களும் சீக்கிரம் வருவார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தத்தளிக்கிறவர்களைத்தான் விடாமல் உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் நேரம் உள்ளேயே இருக்கட்டும். வெளியே வருகிறவர்கள் முகத்தையும் நம்பக் கூடாது. நன்றாகச் செய்கிறவனுக்குக் கேள்வி கஷ்டமாகிக்கொண்டே போகும், அவன் செத்தேன் பிழைத்தேன் என்று வருவான். தப்புத் தப்பாகப் போட்டவனுக்கு இறங்கி இறங்கிக் கடைசியில் பத்தும் பத்தும் எவ்வளவு என்கிற இடத்துக்கு வந்திருக்கும், அவன் சிரித்துக்கொண்டே வருவான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பெடுத்தவர் இதைச் சொன்னபோது அறையே சிரித்தது. ஆவுடையும் சிரித்தாள். நல்லாச் சிரிச்சியே, இப்போ சிரி பார்ப்போம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு கஷ்டம் என்று ஒரு எண்ணைக் கட்டி அடுக்கி வைக்கிற வேலைதான் அவளுக்குச் சென்னையில். கேள்வி வங்கி என்று பெயர். ஆபீசில் அவள் செல்வி. ஆவுடை என்ற பாதியை எழும்பூரிலேயே இறக்கி வைத்துவிட்டாள்.

பக்கத்தில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் மகளின் செருப்பையும் வாட்சையும் மடியில் வைத்துக்கொண்டு நிறுத்தி வைத்த பைக் மேல் உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு யாரும்மா உள்ள?" என்றார். மதினி என்றாள். "எம்மக இருக்கா. கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர் வேலைன்னா சொந்த ஊர்லயே இருந்துக்கிடலாம்லா." ஆமா அண்ணாச்சி என்றாள். மதினிக்கும் அதேதான். சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், நின்றுகொண்டே. உட்கார நாற்காலி கிடையாது, உட்கார்ந்தால் முதலாளிக்குக் கண் உறுத்தும். இரண்டு முட்டியும் வீங்கி, ராத்திரி அண்ணன் விளக்கெண்ணெய் தேய்த்து விடுகிறான். அவனுக்கும் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் முதுகு போனதற்குப் பிறகு செய்ய முடிந்தது அது ஒன்றுதான். நாற்காலி உள்ள வேலை வேணும்ட்டி, எனக்கு வேற ஆசையே இல்ல என்று மதினி போனில் சொன்னபோது, எந்த வேலைக்கு எழுதுறீங்க மதினி என்று ஆவுடை சும்மாதான் கேட்டாள். மதினி சொன்னது ஆவுடை கேள்வி எழுதிக் கொடுத்த அதே பரீட்சை. சொந்தக்காரர் எழுதினால் சொல்லிவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. சொன்னாள். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும் என்றார்கள். வாயைத் திறக்காமல் இருப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கேள்வி கேட்கிற கம்பெனி என்கிற அளவுக்குத்தான் வீட்டில் தெரியும், எந்தக் கேள்வி என்று யாருக்கும் தெரியாது. நேற்று ராத்திரி மதினி புத்தகத்தை மூடிவிட்டு, "கஷ்டமா இருக்குமாட்டி?" என்று கேட்டபோதுகூட, உங்களுக்கென்ன மதினி, நீங்க கணக்குல புலி என்றாள். அது பொய்யில்லை, மதினி கணக்கில் புலிதான். கணக்கு மட்டும் கேட்டிருந்தால் கவலையே இல்லையே.

கண்ணாடிக் கதவு திறந்தது. ஆவுடை எட்டிப் பார்த்தாள். ஒரு பையன், சட்டையை வெளியே இழுத்து விட்டுக்கொண்டு விசிலடித்தபடி வந்தான். கேட் ஓரத்தில் இருந்த சர்பத் வண்டியில் போய், "அண்ணே ஒரு நன்னாரி, ஐஸ் கூட. சப்பையாப் போச்சு, வந்து உக்காந்து எந்திரிச்சதுதான்," என்றான். சாம்பல் சட்டைக்காரர் அவனைப் பார்த்து ஆசையாகப் பெருமூச்சு விட்டார். ஆவுடை வேறு பக்கம் பார்த்தாள். பாவம், குடிக்கட்டும், அவனுக்குத் தெரிகிற வரைக்கும் சந்தோஷமாக இருக்கட்டும். ஒரு சின்னப் பையனின் சர்பத்தைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டிய ஒரு வேலை, அதற்கு ஏசி, அதற்கு அடையாள அட்டை, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் நின்றால் ஒரு மிதப்பு. மதினிக்கு, ஆவுடை எழுதிய அந்த லிஃப்ட் கேள்வி வந்திருக்காது. ஆயிரக்கணக்கில் கேள்வி கிடக்கிறது, அதில் அது ஒன்று, எதற்கு மதினிக்கு வரப் போகிறது. ஆனால் அதற்குக் கொடுத்திருந்தது நடுத்தர எண், முதலில் எடுக்கிறதே நடுவில் கிடக்கிற அந்தக் கொஞ்சக் கேள்விகளிலிருந்துதான். ஒரு கேள்வியில் தவறினால் யாரும் விழுந்துவிட மாட்டார்கள், பின்னால் ஏறிக்கொள்ளலாம், இதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். சரி. ஆனால் அவள் எழுதியது அது ஒன்று மட்டுமா? லிஃப்டை வைத்து ஒன்று எழுதினாள், நன்றாக இருக்கிறது என்றார்கள், பிறகு கார் நிறுத்துகிற இடத்தை வைத்து எழுதினாள், விமான நிலையத்தை வைத்து, நகரும் படிக்கட்டை வைத்து. ஒரு வேகம் வந்துவிட்டது. தனக்கு இதெல்லாம் தெரியும் என்பதை எழுதி எழுதி அவளுக்குத் தீரவில்லை.

ஒருவர் லிஃப்டில் மூன்றாம் தளத்திலிருந்து ஐந்து தளம் கீழே இறங்கினால் எங்கே இருப்பார்? அதுதான் கேள்வி. விடைகள் லிஃப்ட் பொத்தானில் இருக்கிற மாதிரியே ஜி, பி ஒன்று, பி இரண்டு. நாலாவதாக, இது சாத்தியமில்லை. சரியான விடை பி இரண்டு. இரண்டு, ஒன்று, தரை, தரைக்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே இரண்டு, அவ்வளவுதானே. பழக்கப்பட்டவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கணக்கு. பரீட்சைக்கு விடுமுன் நாலைந்து ஊர்ப் பிள்ளைகளிடம் கேள்விகளைக் கொடுத்து எவ்வளவு கஷ்டம் என்று எடை போட்டுப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்த பிறகு, புள்ளிவிவரம் பார்க்கிற இம்மானுவேல் சார் கூட்டத்தில் மெதுவாகச் சொன்னார். "செல்வி, இந்த லிஃப்ட் கேள்வியைக் கொஞ்சம் பாருங்க. சிட்டிப் பசங்களுக்கு லேசா இருக்கு. மத்த கேள்வியெல்லாம் அவங்களுக்குச் சமமாப் போடுற சின்ன ஊர்ப் பசங்க இதுல மட்டும் விழறாங்க. கணக்கு வராம இல்ல. வேற ஏதோ தெரியல அவங்களுக்கு. எடுத்துடலாமா?" எடுத்துடலாம் சார். இரண்டு வார்த்தை. சொல்லியிருந்தால் நாக்கு அழுகியா போயிருக்கும்? அவள் சொன்னது வேறு. "லிஃப்ட் தெரியாதவங்க இந்தக் காலத்துல யாரு சார் இருக்கா?" மேனேஜர் சிரித்தார். அதானே என்றார். நடுத்தரக் கேள்விகள் போதவில்லை, ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, ஒன்றை எடுத்தால் இன்னொன்று எழுதிப் புதிதாக எடை போட்டுப் பார்க்க வேண்டும், அவருக்கும் அது வசதிதான். இம்மானுவேல் சார் மட்டும் சிரிக்காமல், "நீங்க அந்தப் பக்கம்தானே செல்வி?" என்றார். "ஆமா சார். அதனாலதான் சொல்றேன்," என்றாள். அதனாலதான் சொல்றேன். அதனாலதான் சொல்றேன். ஊரை எழும்பூரில் இறக்கி வைத்தவள், அன்றைக்குத் தேவைப்பட்டதும் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தாள். தென்காசிப் பக்கத்துக்காரியே சொல்கிறாளே என்று கேள்வி உள்ளே போய்விட்டது.

காது மடல் சூடாகிறது, வெயிலால் அல்ல. யாரு சார் இருக்கா என்று கேட்டாளே, அவளே இருந்தாளே. இந்தக் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன அன்றைக்கு, அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய், கட்டை விரலை ஊன்றி ஊன்றி, வழுக்கிவிடுமோ என்று பயந்து நடந்து, மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். கீழ போங்க என்றாள் அந்தப் பெண். ஆவுடை சுற்றும் முற்றும் பார்த்தாள். தெருவிலிருந்து நேராக உள்ளே வந்திருக்கிறாள், ஒரு படி ஏறவில்லை. "கீழதானே நிக்கேன்," என்றாள். அந்தப் பெண் சிரித்தாள், காவலாளி சிரித்தார், கையில் காபியோடு போன ஒருத்தன் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் சிரிப்பு. பிறகு காவலாளிதான் லிஃப்டில் கூடவே வந்து, பொத்தானை அமுக்கி, தரைக்குக் கீழே கொண்டுபோய், அறை வாசல் வரை விட்டுவிட்டுப் போனார். நேரமாகிவிட்டது, உள்ளே இருந்தவர்கள் பரவாயில்ல, உட்காருங்க, தண்ணி குடிங்க என்றார்கள். தண்ணீர் குடித்தாள், பதில் சொன்னாள், வேலை கிடைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் விடுதி மாடியில் நின்று மதினிக்குத்தான் போன் போட்டாள், அம்மாவுக்கு இல்லை, அண்ணனுக்கு இல்லை. வேலை கிடைத்த செய்தியைச் சொல்லுமுன் கீழதானே நிக்கேன்னு சொல்லிட்டேன் மதினி, எல்லாரும் சிரிச்சாங்க, வாட்ச்மேன்தான் லிஃப்டுல கூட்டிட்டுப் போயி விட்டாரு என்று அழுதாள். அம்மாம் பெரிய கட்டடத்துல எது மேல எது கீழன்னு எவளுக்குத் தெரியும், அதுக்குப் போயி அழுதியா, கழுதை, மொகத்தைக் கழுவிட்டுச் சாப்பிடு போ என்றாள் மதினி. அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று ஆவுடைக்கு இத்தனை நாளாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு கேள்வியாக எழுதிக் கொண்டுபோய்ப் போட்டாள், ஊர் ஊராக அது போய் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரிக்கட்டும் என்று. அப்படி நினைத்து எழுதினேனா? இல்லை. அப்படி நினைக்கவில்லை. நினைக்காமலே வந்ததுதான் கேவலம்.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிடக் கேவலம். மதினி உள்ளே போகாமல் இருந்தால் இந்த ஞாபகமே வந்திருக்காது. விசிலடித்த பையனும் சாம்பல் சட்டைக்காரர் மகளும் எங்கேயோ ஒரு ஊரில் எங்கேயோ ஒரு கொட்டகை வாசலில் நின்றிருப்பார்கள், இவள் கழுத்து அட்டையோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பாள். போனை எடுத்து இம்மானுவேல் சார் பெயர் வரைக்கும் போனாள். அந்தக் கேள்வியைக் கணக்கில் சேர்க்காமல் விட இன்னும் வழி இருக்கிறது, முடிவு வருமுன் அப்படி விடுவது உண்டு. என்ன சொல்லிக் கேட்பது? சார், லிஃப்ட் தெரியாதவங்க இருக்காங்க, இன்னைக்கு எங்க மதினி எழுதுறாங்க என்றா? அன்றைக்குத் தெரியாதது இன்றைக்கு எப்படித் தெரிந்தது செல்வி என்று அவர் கேட்க மாட்டார். அவர் கேட்கிற ஆள் இல்லை. கேட்காமல் இருப்பாரே, அதைத் தாங்க முடியாது. போனைப் பைக்குள் போட்டாள். மறுபடி கதவு திறந்தது. ஒரு பெண், தாவணி மாதிரி துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணெல்லாம் கலங்கி வந்தாள். சாம்பல் சட்டைக்காரர் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "ஒண்ணும் வெளங்கலப்பா. போகப் போகக் கஷ்டமாவே வந்துச்சு. பாதியிலயே நிறுத்திட்டான்," என்று அந்தப் பெண் விசும்பினாள். "படி படின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே," என்று அவர் ஆரம்பித்தார். ஆவுடைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, பிள்ளைய வையாதிய. நல்லாத்தான் செஞ்சிருக்கு," என்றாள். இவளுக்கு என்ன தெரியும் என்பது போல் பார்த்துவிட்டு அவர் மகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணின் அழுகை ஆவுடைக்குப் பொறாமையாக இருந்தது. மதினியும் இப்படி வரட்டும். அழுதுகொண்டு வரட்டும், தலையில் அடித்துக்கொண்டு வரட்டும், எழவெடுத்த பரீட்சை என்று திட்டிக்கொண்டு வரட்டும். வாழ்க்கையில் தன் நல்லதையே நினைத்த ஒருத்தி அழ வேண்டும் என்று நின்று வேண்டிக்கொள்கிற பிறவி இந்த ஜில்லாவில் இன்னொன்று இருக்காது.

மதினி சிரித்துக்கொண்டு வந்தாள். தூரத்திலேயே தெரிந்தது, பல்லெல்லாம் தெரிய, முட்டி வலி மறந்து போனவளாக இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தாள். வெறுங்காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஏட்டி, முடிஞ்சு போச்சு! இவ்வளவு லேசா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா இத்தனை ராத்திரி முழிச்சிருக்க மாட்டேம்லா," என்றாள். ஆவுடையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சர்பத் வண்டிக்குப் போனாள். மதினியின் கை ஜில்லென்று இருந்தது, உள்ளே ஏசி. ரெண்டு நன்னாரி போடுங்க, பிள்ளைக்கு ஐஸ் வேண்டாம், தொண்டை கட்டும் என்றாள். முப்பது வயதுப் பிள்ளை கம்மல் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்லதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு. பெறகு பாத்தா, கடைசியில எல்லாம் நம்ம கடையில நெதமும் போடுத கணக்கு. அவன் கேக்க முன்னால நான் சொல்லிட்டேன்னா பாத்துக்கோ."

"நல்லது மதினி."

"மொதக் கேள்விதான் கிறுக்குத்தனமா இருந்துச்சு. ஒருத்தன் மூணாவது மாடியில இருந்து லிப்டுல அஞ்சு மாடி கீழ எறங்குதானாம். எங்க இருப்பான்னு கேக்கான். மூணு மாடி எறங்குனா தரை வந்துரும். பெறகு எங்கிட்டு எறங்க? சாத்தியமில்லன்னு போட்டுட்டேன். சரிதானட்டி?"

சர்பத் தம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்து விரலில் ஒழுகியது. சரிதான் மதினி என்று ஆவுடை சொல்லிவிடலாம். ஒருவிதத்தில் அது உண்மையும்கூட. முடிவு வரும்போது வரட்டும், அதுவரை இந்தப் பல் தெரிகிற சிரிப்பு இருக்கட்டும். விசிலடித்த பையனுக்கு விட்டுக்கொடுத்ததை மதினிக்கு விட்டுக்கொடுக்கக் கூடாதா. தொண்டைக்குள் அந்த வார்த்தை தயாராக வந்து நின்றது, மற்ற எல்லாப் பொய்யும் வந்து நின்ற மாதிரியே.

"எந்த ஊர்க்காரன் எழுதுன கேள்வியோ," என்று மதினி சிரித்தாள்.

"நம்ம ஊருதான் மதினி."

"என்னது?"

"நான்தான் எழுதுனேன். சரியான விடை அது இல்ல. தரைக்குக் கீழ ரெண்டாவது தளம்." பிறகு நிறுத்த முடியவில்லை. "கேள்வி லேசாயிட்டே வந்தா நல்லதில்ல மதினி. தப்பாப் போட்டாத்தான் லேசா வரும். இந்தக் கேள்வி நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. நான்தான் இருக்கட்டும்னு சொன்னேன்."

சர்பத் வண்டிக்காரர் ஐஸ் உடைப்பதை நிறுத்திவிட்டு மறுபடி உடைக்க ஆரம்பித்தார். மதினியின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் உதட்டில் கொஞ்ச நேரம் நின்றது. தம்ளரைப் பலகை மேல் வைத்தாள். அவள் கத்தினால் நன்றாக இருக்கும் என்று ஆவுடை நினைத்தாள். ஒரு அறை விட்டால் இன்னும் நன்றாக இருக்கும். மதினி எதையோ கணக்குப் போடுகிறவள் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழதானே நிக்கேன்னு சொல்லிட்டு அன்னைக்கு அழுதியே," என்றாள் கடைசியில். "அந்த லிப்டா?"

"அந்த லிஃப்டுதான் மதினி."

மதினி தலையை ஆட்டினாள். கோபம் இல்லை, குரலில் ஒன்றுமே இல்லை.

"சிரிச்சாலும், அன்னைக்கு உன்னைய உள்ள கூட்டிட்டுப் போயி விட்டாங்கல்லாட்டி."

பிறகு கம்மலுக்காகக் கையை நீட்டினாள்.